இம்பிளான்ட் சுத்தி ஈறு வீங்குது: டைட்டானியம் ஒத்துக்கலையா, இல்ல ஜாயின்ட்ல கோளாறா?

வில்லிவாக்கத்துலேர்ந்து ஒரு வாசகர், 4 பிப்ரவரி 2024

மாமியாருக்கு 61 வயசு. கீழ் கடைவாயில ஒரு பல் இம்பிளான்ட் (எலும்புக்குள்ள ஸ்க்ரூ வெச்சு மாட்டற செயற்கைப் பல்) போட்டு ரெண்டு வருஷம் ஆகப்போகுது. இப்ப அதைச் சுத்தி ஈறு செவந்து தடிச்சிருக்கு, பிரஷ் பட்டா ரத்தம், வலி மட்டும் இல்லை. டைட்டானியம் சில பேர் உடம்புக்கு ஒத்துக்காது, கழட்டிப் போட்டுட்டு வேற வழி பாருங்கன்னு சொந்தத்துல ஒருத்தர் அடிச்சு சொல்றார். நெஜமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

4 பிப்ரவரி, ராத்திரி 9.40

கழட்டாதீங்க. மொதல்ல அந்த ஒரு பல்லுக்கு மட்டும் சின்ன எக்ஸ்ரே எடுங்க, போட்ட புதுசுல எடுத்த எக்ஸ்ரே இருந்தா தேடி எடுத்து பக்கத்துல வைங்க. மீதியெல்லாம் அப்புறம்.

நான் டாக்டர் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்ல டூல் ரூம்ல 31 வருஷம் குப்பை கொட்டினவன், இப்ப ரிட்டயர்டு. 2019ல எனக்கும் கீழ் கடைவாயில ஒண்ணு போட்டாங்க, 2021ல உங்க மாமியார் கதையேதான். அதுக்கப்புறம் இந்த சப்ஜெக்ட்டை விடாம படிச்சேன், வீட்ல "பல் டாக்டருக்கு படிக்கறீங்களா"ன்னு கிண்டல்.

டைட்டானியம் அலர்ஜி இருக்கே இல்லைன்னு சொல்லல, ஆனா ரொம்ப அபூர்வம். 1952ல ஸ்வீடன்ல பிரானிமார்க்னு ஒரு ஆராய்ச்சியாளர், முயல் எலும்புக்குள்ள ரத்த ஓட்டத்தைப் பாக்க டைட்டானியத்துல ஒரு சின்ன கருவி வெச்சார், வேலை முடிஞ்சு எடுக்கப் பாத்தா வரல, எலும்பு அதோட ஒட்டிப்போச்சு. 1965ல மொத மனுஷனுக்கு போட்டார், அந்த ஆளு 2006ல சாகற வரைக்கும் அதுலதான் சாப்பிட்டார். 40 வருஷம். ஒத்துக்காத உலோகம் இப்படியா இருக்கும்?

ஒண்ணை புரிஞ்சுக்கணும். நாம இம்பிளான்ட்னு ஒரே சாமான் மாதிரி சொல்றோம், ஆனா அது ஒரு அசெம்ப்ளி. எலும்புக்குள்ள போற ஸ்க்ரூ ஒண்ணு (ஃபிக்ஸ்சர்னு சொல்வாங்க), அது மேல ஈறைத் தாண்டி வெளிய வர்ற துண்டு, அதான் அபட்மென்ட், ரெண்டையும் இறுக்கிப் பிடிக்கற பொடி ஸ்க்ரூ, எல்லாத்துக்கும் மேல பல்லு வடிவத்துல கேப். எந்த மெஷின்லயும் கோளாறு ஆரம்பிக்கறது பாடியில இல்ல, ஜாயின்ட்லதான்.

4 பிப்ரவரி, ராத்திரி 11.15

தூக்கம் வரல, அதனால ஜாயின்ட் கதையை முடிச்சிடறேன்.

ஃபிக்ஸ்சரும் அபட்மென்டும் சேர்ற இடத்துல எவ்வளவு நல்லா மெஷின் பண்ணாலும் சில மைக்ரான் (மில்லி மீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இடைவெளி இருக்கும். பாக்டீரியாவோட சைஸே ஒரு மைக்ரான் சுமாருக்குத்தான், அதுக்கு அது கேட் திறந்து வெச்ச கல்யாண மண்டபம். நாம மெல்லும்போது ரெண்டு துண்டும் கண்ணுக்குத் தெரியாம ஆடும், உள்ள இருக்கற அழுக்குத் தண்ணி பம்ப் அடிச்ச மாதிரி வெளிய வரும், திரும்ப உள்ள போகும். அந்த இடத்துல ஈறு எப்பவும் லேசா புண்ணாவே இருக்கும். அந்தப் புண்ணுலேர்ந்து எலும்பு தன்னைக் காப்பாத்திக்க கீழ எறங்கிடும். பழைய டிசைன்கள்ல மொத வருஷத்துல ஒரு ஒன்றரை மில்லி மீட்டர் வரைக்கும் எலும்பு எறங்கறது சகஜம்னே விட்டுட்டாங்க, அதுக்கப்புறம் வருஷத்துக்கு 0.2 மில்லிக்குள்ள இருக்கணும்னு 1986லயே கணக்கு போட்டு வெச்சாங்க.

நம்ம சொந்தப் பல்லு வேற மாதிரி. ஈறுலேர்ந்து நார் நாரா வேர்ல குத்தி நிக்கும், பனை ஓலை விசிறிய காம்புல தெச்ச மாதிரி. இம்பிளான்ட்ல குத்தி நிக்க எடம் இல்லை, நாரெல்லாம் சும்மா சுத்தி வளைச்சுப் பிடிச்சிருக்கும், ஷாஃப்ட் மேல ஆயில் சீல் மாதிரி. ரத்த ஓட்டமும் கம்மி. அதனால அழுக்கு சீலைத் தாண்டிட்டா சரசரன்னு எலும்பு வரைக்கும் போயிடும், வலியும் காட்டாது.

புது டிசைன்ல அந்த ஜாயின்ட்டை கோன் மாதிரி டேப்பர் பண்ணிட்டாங்க. பேரைக் கேட்டதும் சிரிப்பு வந்துடுச்சு, மோர்ஸ் டேப்பர்! எங்க லேத் டெயில்ஸ்டாக்ல ட்ரில் சொருகற அதே டேப்பர். தந்தி கண்டுபிடிச்ச ஆளு இதையும் கண்டுபிடிச்சிருக்கார் பாருங்க. சொருகினா கடிச்சுப் பிடிக்கும், ஆட்டம் கம்மி, கசிவும் கம்மி.

5 பிப்ரவரி

திருத்தம். தந்தி மோர்ஸ் சாமுவேல், டேப்பர் மோர்ஸ் ஸ்டீபன், வேற வேற ஆளுங்க. சுட்டிக் காட்டின தம்பிக்கு நன்றி. 31 வருஷமா ஷாப்ல இதையே எல்லாருக்கும் தப்பா சொல்லிக் கொடுத்திருக்கேன், எத்தனை அப்ரண்டிஸ் பசங்க அதை நம்பிட்டுத் திரியறானுங்களோ.

7 பிப்ரவரி

என் கதையைக் கேட்டீங்க. டாக்டர் பேரும் கிளினிக் பேரும் சொல்ல மாட்டேன், அவர் கெட்டவர் இல்ல, நல்லாத்தான் போட்டார்.

2018 கடைசியில பல்லைப் புடுங்கிட்டு, நாலு மாசம் விட்டு ஃபிக்ஸ்சர் வெச்சாங்க. மூணு மாசம் கழிச்சு மேல ஹீலிங் கேப் (ஈறு ஆறற வரைக்கும் தற்காலிக மூடி) மாட்டினாங்க. அளவெடுக்க ஒருதரம் கழட்டினாங்க, மெட்டல் ட்ரையலுக்கு ஒருதரம், கலர் சரியில்லைன்னு ஒருதரம், கேப் ஒசரமா இருக்குன்னு ஒருதரம். ஒவ்வொரு தடவையும் லேசா ரத்தம் வரும், பஞ்சுல துடைச்சுட்டு "ஒண்ணும் இல்ல சார்"னுவாங்க. அப்ப எனக்குத் தெரியாது, ஒவ்வொரு தடவை கழட்டும்போதும் அந்த ஆயில் சீலைப் பிச்சுப் பிச்சு மறுபடி ஒட்ட வைக்கறோம்னு. நாய்ங்க மேல இதை 1997லயே பண்ணிப் பாத்திருக்காங்க, மாசம் ஒரு தடவை கழட்டிக் கழட்டி மாட்டினதுல சீல் கீழ எறங்கி எலும்பும் எறங்குச்சு. அதனாலதான் இப்ப சில டாக்டர்ங்க கடைசி அபட்மென்டை மொத நாளே மாட்டிட்டு அப்புறம் கழட்டறதே இல்லை.

கடைசியா 2019லயே கேப்பை சிமென்ட் வெச்சு ஒட்டினாங்க. உக்காந்து எழுந்து வீட்டுக்கு வந்து அன்னிக்கு ராத்திரியே தோசை. ரெண்டு வருஷம் ராஜபோகம். 2021ல கொரோனா ரெண்டாவது அலை அடங்கின சமயம், கண்ணாடியில பாத்தா அந்த எடம் மட்டும் ஊதா கலந்த செவப்பு, விரலால அழுத்தினா மஞ்சளா எட்டிப் பாக்குது. சீழ். கேப் போட்ட டாக்டருக்கு போன் பண்ணா "பீடியா சிகரெட்டா"ன்னாரு. ரெண்டும் இல்ல சார், பொங்கலுக்கு கரும்பு மட்டும்தான்னேன்.

போனப்ப மெல்லிசு குச்சி விட்டு ஆழம் பாத்தாங்க, 7 மில்லி. நல்ல ஈறுன்னா பொதுவா 4, 5க்குள்ள நிக்கும், அதுவும் ரத்தம் வராம. எக்ஸ்ரேல எலும்பு கிண்ணம் மாதிரி குழிஞ்சிருந்துச்சு, ரெண்டரை மில்லி போயிருந்தது. இன்ஃபெக்‌ஷன்னு ஆன்டிபயாடிக் குடுத்தாங்க, அடங்கிச்சு, திரும்ப வந்துச்சு, மறுபடி குடுத்தாங்க, மறுபடி வந்துச்சு.

மூணாவது தடவை வேற ஒரு டாக்டரம்மாகிட்ட போனேன். ஈறு ஸ்பெஷலிஸ்ட், சின்னப் பொண்ணுதான், என் மகள் வயசு. எக்ஸ்ரேயைப் பாத்தாங்க, என்னையும் பாத்தாங்க, "அங்கிள், கேப் ஒட்டினதா ஸ்க்ரூ போட்டதா"ன்னாங்க. ஒட்டினதுன்னேன். மேல துளை போட்டு உள்ள ஸ்க்ரூவைத் திருகி, கேப்போட அபட்மென்டை அப்படியே வெளிய எடுத்து, டிஷ்யூ பேப்பர் மேல வெச்சு காட்டினாங்க. பக்கவாட்டுல அரிசி நொய் அளவுக்கு வெள்ளையா ஒரு கட்டி. சிமென்ட். கேப்பை அழுத்தும்போது பிதுங்கி ஈறுக்குள்ள போனது, யாரும் பாக்கல, எக்ஸ்ரேலயும் தெரியல, ஏன்னா சில சிமென்ட் எக்ஸ்ரேல விழாதாம். ரெண்டு வருஷம் அது உள்ளயே உக்காந்து சீழ் தயாரிச்சிட்டிருந்திருக்கு. நான் டைட்டானியத்தைத் திட்டிட்டு இருந்தேன்.

2009ல அமெரிக்காவுல ஒரு டாக்டர் இதே மாதிரி பிரச்சினை வந்த இம்பிளான்ட்களை எண்டோஸ்கோப் (குட்டி கேமரா) விட்டுப் பாத்ததுல 81 சதவீதத்துல மிச்ச சிமென்ட்தான் மாட்டியிருந்தது. எடுத்ததும் ஒரு மாசத்துக்குள்ள முக்கால்வாசி சரியாயிடுச்சு. என்னுதும் அடங்கிடுச்சு, ஆழம் 7லேர்ந்து 4 ஆச்சு. போன எலும்பு போனதுதான், திரும்பல. இப்ப அதே எடத்துல ஸ்க்ரூ போட்ட கேப், மேல துளையில டெஃப்லான் டேப் சுருட்டி வெச்சு பல் கலர்ல அடைச்சிருக்காங்க. பிளம்பர் குழாய்க்குச் சுத்தற அதே வெள்ளை டேப்தான்னு டாக்டரம்மா சிரிச்சாங்க, நமக்கு ரொம்ப மனசு நெறஞ்சது.

7 பிப்ரவரி, சாயந்தரம்

சிமென்டே கெட்டதுன்னு நான் சொல்லலை. கேப் ஓரம் ஈறுக்கு மேலயோ ஈறு மட்டத்துக்கோ இருந்தா பிதுங்கறது கண்ணுக்குத் தெரியும், துடைச்சிடலாம். ரெண்டு மூணு மில்லி கீழ புதைச்சுட்டு துடைக்கறேன்னா எப்படித் துடைப்பாங்க?

10 பிப்ரவரி

பொண்ணு பேசி முடிச்ச வீட்டுக்கு டிபன் பண்ற அன்னிக்கு இதெல்லாம் எழுதறேன், திட்டு விழும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது ஒரு ஸ்டோர் ரூம் கதை. 1991ல ஒரு அமெரிக்க கம்பெனி 5 மில்லி, 6 மில்லின்னு பெரிய விட்டத்துல ஃபிக்ஸ்சர் கொண்டு வந்தாங்க, ஆனா அதுக்குப் பொருத்தமான அபட்மென்ட் ரெடியாகல. பேஷண்ட் காத்திருக்கார், சாமான் இல்லை. இருக்கற 4.1 மில்லி அபட்மென்டையே மேல மாட்டி அனுப்பிட்டாங்க, நம்ம ஷாப்ல 16 எம்எம் போல்ட் இல்லன்னா 14 போட்டு வாஷர் வெச்சு ஒப்பேத்தற மாதிரி. வருஷக்கணக்கா எக்ஸ்ரே பாத்துட்டு வந்தா, சின்ன அபட்மென்ட் மாட்டினவங்களுக்கு எலும்பு எறங்கறது கம்மி! ஜாயின்ட் விளிம்புலேர்ந்து உள்ள தள்ளிப் போனதால அழுக்கு கசியற எடம் எலும்புலேர்ந்து தூரமாயிடுச்சு, ஈறு தங்க ஒரு சின்ன திண்ணையும் கெடச்சுது. 2006ல எழுதி வெளியிட்டாங்க, பிளாட்பார்ம் ஸ்விட்சிங்னு பேரும் வெச்சாங்க. இன்னிக்கு பாதி கம்பெனி விளம்பரத்துல இதைத்தான் தங்கள் கண்டுபிடிப்பு மாதிரி போட்டுக்கறாங்க.

ஸ்டாக் இல்லாததால வந்த ஞானம். என் பழைய ஸ்டோர் கீப்பர் கேட்டா மாலை போடச் சொல்வான்.

13 பிப்ரவரி

நாலாம் தேதி ராத்திரி எழுதினதை திரும்பப் படிச்சேன். ஜாயின்ட் ஜாயின்ட்னு ரொம்ப ஓவரா போயிட்டேன், கையில சுத்தியல் இருக்கறவனுக்கு எல்லாம் ஆணியாத் தெரியற வியாதி. சொன்னது தப்பு இல்லை, ஆனா அளவு தப்பு. ஜாயின்ட்டால எறங்கற எலும்பு பெரும்பாலும் ஒரு மில்லி ஒன்றரை மில்லியோட நின்னுடும், அங்கேர்ந்து வருஷா வருஷம் குழி பறிக்கறது அழுக்கும் சர்க்கரை வியாதியும் சிகரெட் புகையும். ஈறு மெலிசா இருக்கறவங்களுக்கு, 2 மில்லிக்கும் கம்மின்னா, எவ்வளவு ஒசத்தி ஜாயின்ட் போட்டாலும் எலும்பு கொஞ்சம் எறங்கித்தான் தன் எடத்தைப் பிடிக்குதாம்.

நான் விட்டுட்ட இன்னொரு விஷயம் கேப்போட வடிவம். ஃபிக்ஸ்சர் விட்டம் 4, கடைவாய்ப் பல்லு அகலம் 10. இந்த 4லேர்ந்து 10க்கு எப்படி விரியுதுங்கறதுதான் கேள்வி. மெதுவா பூ விரியற மாதிரி விரிஞ்சா பிரஷ் கீழ வரைக்கும் போகும். ஈறு தாண்டினதும் காளான் மாதிரி பட்டுனு விரிஞ்சா அதோட குடைக்கு அடியில சோறு உக்காரும், பிரஷ் போகாது. விரியற கோணம் 30 டிகிரிக்கு மேல போனா, அதுவும் பக்கம் வெளிய உப்பலா இருந்தா, எலும்புப் பிரச்சினை கூடுதலா வருதுன்னு 2018ல எக்ஸ்ரே அளந்து சொல்லியிருக்காங்க. ஃபிக்ஸ்சரை மேலோட்டமா வெச்சுட்டா விரியறதுக்கு ஒசரம் இருக்காது, கேப் செய்யற லேப்காரர் என்னதான் பண்ணுவார், காளான்தான் வரும். ஆக கேப் வடிவம் ஆபரேஷன் அன்னிக்கே பாதி முடிவாயிடுது.

வில்லிவாக்கத்துக்காரர் கவனிக்க: மாமியாரை இன்டர்டென்டல் பிரஷ்ஷை (பாட்டில் கழுவற பிரஷ்ஷோட குட்டித் தம்பி, மெடிக்கல் ஷாப்லயே கெடைக்கும்) அந்த கேப் பக்கத்துல விடச் சொல்லுங்க. உள்ள போகுதா, முட்டுதா?

14 பிப்ரவரி

ஜிர்கோனியா (வெள்ளை செராமிக்) போடலாமான்னு மூணு பேர் கேட்டாச்சு. அபட்மென்ட்தானே கேக்கறீங்க? முன் பல்லுல ஈறு மெலிசா இருந்தா டைட்டானியம் சாம்பல் நெறமா தெரியும், ஜிர்கோனியா வெள்ளை, அந்தத் தொல்லை இல்லை. ஈறு ரெண்டோடயும் நல்லாவே பழகுது. அழுக்கு ஒட்டறதுல உலோகத்தை விட வழவழப்புதான் பெரிய கணக்கு, சொரசொரப்பு 0.2 மைக்ரான் வரைக்கும் கொண்டுவந்தா போதும், அதுக்கு மேல பாலிஷ் போட்டு கண்ணாடியாக்கினாலும் பெருசா லாபம் இல்லைன்னு 1996லயே சொல்லிட்டாங்க. நான் ஷாப்ல 0.2க்கு சூப்பர் ஃபினிஷிங்னு தனி சார்ஜ் போட்டவன், அதனால அது எவ்வளவு வழவழப்புன்னு கை அறியும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். முழு ஜிர்கோனியாவை நேரா டைட்டானியம் ஃபிக்ஸ்சருக்குள்ள சொருகினா, அது கெட்டி, இது மெத்து, ஆட்டத்துல டைட்டானியம் தேயும், கறுப்புப் பொடி ஈறுல படியும். அதனால அடியில டைட்டானியம் பேஸ், மேல ஜிர்கோனியான்னு ஒட்டித் தர்றாங்க. ஒட்டறது லேப்ல நடக்கும், வாய்க்குள்ள இல்லை, பிதுங்கினதைத் துடைச்சு பாலிஷ் போட்டே அனுப்பலாம். தங்கக் கலவை பத்தி 1998ல நாய்ங்க மேல பாத்தப்ப ஈறு சரியா பிடிக்கலைன்னாங்க, பின்னாடி வந்தவங்க எல்லாரும் அதையே சொல்லல. எப்படியும் இன்னிக்கு தங்கம் விக்கற வெலைக்கு வாய்ல வைக்கறதா, கழுத்துல போடறதா?

18 பிப்ரவரி

காசு பத்தி பேச வேணாம்னு இருந்தேன், விட மாட்டேங்கறீங்க.

ஃபிக்ஸ்சர் நல்ல கம்பெனி, மேல மாட்டற அபட்மென்டும் ஸ்க்ரூவும் "அதுக்கு ஃபிட் ஆகும்"ங்கற டூப்ளிகேட். இது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான். ஃபிட் ஆகறதுங்கறது வேற, ஃபிட்டுங்கறது வேற. கையில திருகும்போது போகும், ஆனா உள்ள எந்த முகம் எந்த முகத்துல உக்காருதுன்னு வெளிய தெரியாது. உக்காராத ஜாயின்ட் ஆடும், ஸ்க்ரூ லூஸாகும், கேப் லேசா சுத்தும், அந்த சந்துலேர்ந்து ஒரு நாத்தம் வரும், அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். பில்லு போடும்போதே கேளுங்க, மேல் சாமானும் அதே கம்பெனியான்னு.

அந்தப் பொடி ஸ்க்ரூவை பெரும்பாலும் 30, 35 நியூட்டன் சென்டிமீட்டர்ல டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கறோம்னு அளவு காட்டற ஸ்பேனர்) வெச்சு இறுக்குவாங்க. கார் வீல் நட் சுமார் 100 நியூட்டன் மீட்டர், அதுல முந்நூத்துல ஒரு பங்குதான் இது. கை அளவுல குத்துமதிப்பா இறுக்கறவர் கிட்ட உக்காராதீங்க, எழுந்து வந்துடுங்க.

அப்புறம் கார்டு. ஃபிக்ஸ்சர் டப்பாவுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், கம்பெனி, விட்டம், நீளம், லாட் நம்பர். அதைக் கேட்டு வாங்கி ஆதார் கார்டு வெக்கற எடத்துல வைங்க. டாக்டரம்மா என் கேப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி மூணு நாள் லேட் ஆனதே, எந்த கம்பெனி ஸ்க்ரூ, எந்த டிரைவர்னு தெரியாததாலதான். பழைய கிளினிக்ல ஃபைல் தேடறேன் தேடறேன்னாங்க, கடைசியில எக்ஸ்ரேல மரை வடிவத்தைப் பாத்து கண்டுபிடிச்சாங்க.

காசுக்கு வழியில்லன்னா ரெண்டாவது கருத்துக்கு சென்னை கோட்டை ஸ்டேஷன் பக்கம் இருக்கற கவர்மென்ட் பல் ஆஸ்பத்திரியில காலையிலயே போய் சீட்டு போடுங்க. கூட்டம் இருக்கும், தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போங்க.

25 பிப்ரவரி

வில்லிவாக்கத்துக்காரர் தனியா எழுதியிருந்தார், அவர் அனுமதியோட இங்க போடறேன். எக்ஸ்ரே எடுத்தாச்சு, எலும்பு பெருசா எறங்கல, அரை மில்லி. அப்ப இது ஈறோட நிக்கற வீக்கம், மியூகோசைட்டிஸ், சுத்தம் பண்ணா திரும்பிடும். எலும்பையும் தின்ன ஆரம்பிச்சாதான் பெரி-இம்பிளான்டைட்டிஸ், அது வேற சண்டை.

சிமென்டாத்தான் இருக்கும்னு நான் உள்ளுக்குள்ள பந்தயம் கட்டியிருந்தேன். தோத்துட்டேன். ஸ்க்ரூ போட்ட கேப்தானாம். ஜாயின்டும் கெட்டியா இருக்கு. பிரச்சினை காளான்: உள்ள நாக்குப் பக்கம் கேப் அப்படி உப்பியிருக்கு, குட்டி பிரஷ் பாதியில முட்டி நின்னுடுச்சு. கூடவே எச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சர்க்கரை சராசரி) பாத்ததுல 8.4, அதிகம். மாமியார் சர்க்கரை மாத்திரையை ரெண்டு மாசமா "ஒருநாள் விட்டு ஒருநாள்" போட்டிருக்காங்க, யாருக்கும் தெரியாம.

10 மார்ச்

கேப்பைக் கழட்டி லேப்ல அந்த உப்பலைச் செதுக்கி, பாலிஷ் போட்டு, புது ஸ்க்ரூவோட மாட்டியாச்சாம். ஒரே தடவைதான் கழட்டினாங்களான்னு கேட்டேன், ஆமாம் சார்னார். ரெண்டு வாரத்துல செவப்பு முக்கால்வாசி போயிடுச்சு, ரத்தம் எப்பவாவது ஒரு பொட்டு. மாத்திரை டப்பா இப்ப மருமகள் கையில. மாமியார் இவர் போனை வாங்கி என்கிட்ட பேசினாங்க, டைட்டானியம் பத்தி ஒரு வார்த்தை இல்லை. "அண்ணே, முள்ளு முறுக்கு கடிக்கலாமா?"

அந்தப் பக்கம் கடிக்காதீங்கம்மா, ஒடச்சு சாப்பிடுங்கன்னேன். ஒடச்சா முறுக்கா அதுன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை. ஆகஸ்ட்ல ஆறு மாச எக்ஸ்ரே, அதைப் பாத்துட்டு வந்து எழுதறேன்.